மணி அடிக்காத அறை

அந்த முதியோர் இல்லத்து லிஃப்டுக்கு இரண்டாவது மாடி வந்ததும் ஒரு முனகல் உண்டு. கதவு உடனே திறக்காது. வயசாளி நாற்காலியை விட்டு எழுந்திருப்பது மாதிரி ஒரு முக்கு முக்கிவிட்டுத்தான் வழிவிடும். கீழ் உருளை தேய்ந்திருக்கிறது, துடைத்துவிட்டு ஒரு பொட்டு கிரீஸ் காட்டினால் போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவர் தினமும் இறங்குவார். வேலைக் காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இல்லத்தில் அவருக்குப் பெயரே 'லிஃப்ட் சார்' என்று ஆகிவிட்டது.

மனைவி அங்கே படுத்திருந்தபோது வந்த பெயர் அது. மனைவி போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. பெயர் நிலைத்துவிட்டது, அவர் வருவதும் நிற்கவில்லை.

வீட்டில் அவரோடு பேச யாருமில்லை. இரவு கதவைப் பூட்டினால், மறுநாள் காலை இல்லத்து வாசலில் காவலாளியைப் பார்த்துச் சொல்கிற "என்னப்பா, டீ ஆச்சா?"தான் அன்றைக்கு அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு. சில நாள் தொண்டை கட்டிக்கொண்டு, அதுகூட யாரோ பேசுவது மாதிரி கரகரவென்று வரும்.

"அம்மாதான் இல்லையேப்பா. இன்னும் எதுக்கு அங்க போய் உக்காந்திருக்கீங்க?" என்று மகள் போனில் கேட்பாள். விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருப்பவள்.

"சும்மாதாம்மா. பக்கத்துப் பெட்டுல ஒரு அம்மா இருக்காங்க. அவங்களுக்கு யாரும் வர்றதில்ல."

"எங்கூட வந்து இருங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்க."

"வர்றேன், வர்றேன்" என்பார். இரண்டு பேருக்குமே அது பொய் என்று தெரியும். சாப்பாடு, தூக்கம், ரத்த அழுத்தம் என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

பக்கத்துப் பெட்டு அம்மா ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். இல்லத்தில் எல்லாருக்கும் 'கண்டக்டரம்மா'. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் உள்ளே நுழைந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள்.

"வாங்க லிஃப்ட் சார். தெனம் டிக்கெட் எடுக்காம ஏர்றீங்க. செக்கிங் வந்தா மாட்டிக்குவீங்க."

"பாஸ் வச்சிருக்கேன்."

"பாஸ் செத்து எத்தனை மாசமாச்சு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவர் சிரித்துவிடுவார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார். அவர் மனைவி உயிரோடு இருந்த கடைசி இரண்டு வருஷமும் அடுத்த கட்டிலில் படுத்திருந்தவள் அல்லவா. மனைவி என்ன சொல்லித் தூங்கினாள், என்ன சொல்லி விழித்தாள் என்பது அவரைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். அதை ஒரேயடியாகச் சொல்லித் தீர்த்துவிடாமல், அவ்வப்போது சில்லறை கொடுப்பது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பாள். அதற்காகவும் அவர் வந்தார் என்று வையுங்கள்.

வந்ததும் முதல் வேலை தண்ணீர். பிறகு தலையணையை ஏற்றி வைப்பது, கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுவது, ஜன்னல் திரையை முகத்தில் வெயில் படாமல் இழுத்துவிடுவது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் வராந்தாவுக்குப் போய், சிட்டு என்கிற அட்டெண்டர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார். ஓட்டமும் நடையுமாகவே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது கண்டக்டரம்மாதான். மாடி முழுக்கச் சிட்டுவும் இன்னொருத்தியும்தான். மனைவிக்கும் இதையெல்லாம் இப்படித்தான் செய்தார். "அவ என் கையாலதான் தண்ணி குடிப்பா" என்று மகளிடம் அந்தக் காலத்தில் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறார்.

அந்த அறைக் கதவில் பொன்னிறக் காகிதத்தில் வெட்டிய நட்சத்திரம் ஒன்று ஒட்டியிருந்தது. இல்லத்தில் அது ஒரு வழக்கம். கட்டில் தலைமாட்டில் ஒயரோடு தொங்கும் ஸ்விட்சை அமுக்கினால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும். எந்த அறையில் மாதம் முழுக்க மணி குறைவாக அடிக்கிறதோ, அந்த அறைக்கு நட்சத்திரம். குறையில்லாதவர் எதற்குக் கூப்பிடப் போகிறார் என்பது கணக்கு. மனைவி இருந்தபோதே அந்தக் கதவுக்கு வந்த நட்சத்திரம் வேறு எங்கும் போகவில்லை. ஓரங்கள் சுருண்டு, பொன்னிறம் போய், டீக்கறை மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் பெரிய சிஸ்டர் அவரை மேஜைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். மாடிக்குப் பொறுப்பு அவள்தான். தூக்கம் காணாத கண். கையில் எப்போதும் யாருடைய மாத்திரையாவது இருக்கும்.

"சார், அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றாங்க. கவனிப்பு எப்படியிருக்குன்னு பார்த்து கிரேடு போடுவாங்க. போன தடவை கொறைச்சிட்டாங்க. இந்தத் தடவையும் கொறைஞ்சா மேல இருக்கறவங்க என்னைத்தான் பிடிச்சு உலுக்குவாங்க."

"நல்லாத்தானே பாத்துக்கறீங்க சிஸ்டர்."

"அதை நீங்க அவங்ககிட்ட சொல்லணும். நோயாளிங்க வீட்டாள் ஒருத்தர் பேசணும்னு கேட்டிருக்காங்க. நான் உங்க பேரைக் குடுத்திருக்கேன்."

"நான் இப்ப யாருக்கு வீட்டாளு?"

பெரிய சிஸ்டர் சிரித்தாள். "வெளியாள் இப்படித் தெனமும் வந்து உக்கார ரூல்ஸ்ல இடமில்ல சார். மேல கேட்டாங்க. நான்தான், அவரு நம்ம ஆளுன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்களை நான் வெளியாளா நெனச்சதே இல்ல."

அவள் மிரட்டவில்லை. மனசாரத்தான் சொன்னாள். மனைவி போன அன்றைக்கு அவரைப் பிடித்து உட்காரவைத்துச் சர்க்கரை போட்ட டீயைக் குடிக்கவைத்தவள் அவள்தான். ஆனாலும் சொன்ன வார்த்தை சொன்னதுதான். வராந்தாவில் நடக்கும்போது அது அவருடைய சட்டைப்பையில் கனமாகக் கிடந்தது. இந்த இடமும் இல்லையென்றால் காலையில் எழுந்து எங்கே போவது?

நல்லபடியாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். பொய்யும் இல்லையே. யாரும் யாரையும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. படுக்கை விரிப்பு வெள்ளையாக இருக்கிறது. இதற்குமேல் என்ன?

ஆய்வு நாளன்று, காலை ரவுண்டு முடிகிறவரை பார்வையாளர்களை உள்ளே விடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து ஒரே பேப்பரை முன்னும் பின்னுமாகப் படித்தார். தேர்வுக்குப் போகிற பையன் மாதிரி, சொல்லவேண்டியதை இரண்டு தடவை உதடு அசைத்துப் பார்த்துக்கொண்டார். காவலாளி கை காட்டி உள்ளே விட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது.

லிஃப்ட் முனகாமல் திறந்தது. யாரோ கிரீஸ் காட்டியிருக்கிறார்கள். வராந்தாவில் புதிய மிதியடிகள். நட்சத்திரத்தைக்கூட மாற்றி, பளபளவென்று புதிதாக ஒட்டியிருந்தார்கள்.

அறையும் பளிச்சென்று இருந்தது. கண்டக்டரம்மா தலை வாரி, நல்ல சட்டை போட்டு, தலையணையில் சாய்ந்திருந்தாள். வலது கையில், பிடிக்க வசதியாக, மணி ஸ்விட்சை வைத்திருந்தார்கள்.

"வாங்க" என்றாள். அவ்வளவுதான். டிக்கெட்டும் இல்லை, செக்கிங்கும் இல்லை.

உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. அவர் தண்ணீர் ஜாடியைத் தேடினார். துடைத்துப் பெருக்கியவர்கள் மேஜையை அழகாக இடது பக்கம் தள்ளிவைத்திருந்தார்கள், விழுந்துபோன கைப் பக்கம். ஜாடி நிறைய தண்ணீர். மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. தம்ளர் கவிழ்த்தபடி ஈரம் படாமல் இருந்தது.

குடிக்கக் கொடுத்தார். ஒரு தம்ளரை மூச்சுவிடாமல் குடித்தாள். இன்னொன்று கொடுத்தார். தாடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டார்.

"காலையிலேர்ந்து குடிக்கலையா?"

"அந்தப் புள்ளைங்க பாவம், இன்னிக்கு தலைகால் புரியாம ஓடிட்டிருக்குதுங்க."

"கையிலதானே ஸ்விட்ச் இருக்கு. ஒரு அமுக்கு அமுக்க வேண்டியதுதானே?"

"எதுக்கு? நீங்கதான் வருவீங்கல்ல."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். வைக்கிற சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

மனைவியும் இதையேதான் சொல்வாள். இதே அறையில், அந்த ஜன்னலோரக் கட்டிலில், இதே மாதிரி இரண்டு தம்ளர் குடித்துவிட்டு. 'நீங்க வருவீங்கன்னு வச்சிருந்தேன்' என்பாள், தண்ணீரை அல்ல, தாகத்தை. அவருக்கு அது கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது. பஸ் கிடைக்காமல், மழையில் மாட்டி, பல் டாக்டரிடம் காத்துக் கிடந்து அவர் தாமதமாக வந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அவள் எத்தனை நேரம் வைத்திருந்தாள்?

எழுந்து ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனார். ஆள் இல்லாத கட்டில். தலைமாட்டில் ஒயர் சுருட்டி மாட்டியிருந்தது. ஸ்விட்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். தொழில் பழக்கம்: எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டைத் திறக்குமுன் பட்டன்களைத்தான் பார்ப்பார். எந்த மாடியில் ஆள் நடமாட்டம், எந்த மாடி பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் பட்டனில் எழுதியிருக்கும். இந்த ஸ்விட்சின் சிவப்பு ரப்பரில் நர்ஸ் தொப்பி போட்ட சின்னப் படம் அச்சு கலையாமல் அப்படியே இருந்தது. மனைவியின் விரல் அதன்மேல் பட்ட மாதிரியே இல்லை. இரண்டு வருஷம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், இதை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

"அவங்களும் அடிச்சதில்லையா?" என்றார், திரும்பாமல்.

கண்டக்டரம்மா கையிலிருந்த ஸ்விட்சைப் படுக்கையில் வைத்தாள். "வந்த புதுசுல அடிச்சாங்க. ஓடி வந்த பொண்ணு, 'இதுக்கா கூப்ட்டீங்க'ன்னு கேட்டுச்சு. அது ஒண்ணும் கெட்ட பொண்ணில்ல, அவசரத்துல கேட்டுச்சு. அப்புறம் ஒருநாள், 'சும்மா சும்மா அடிக்காதீங்க, ஸ்டார் போயிடும்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. உங்க வீட்டம்மாவுக்குத்தான் யாருகிட்டயும் ஒரு சொல் வாங்கக் கூடாதே. அதோட விட்டுட்டாங்க."

"நீங்க?"

"நான் பஸ்ல வாழ்நாள் பூரா மணி அடிச்சவ. ஒண்ணு அடிச்சா நிக்கணும், ரெண்டு அடிச்சா போகணும். நான் அடிச்சு நிக்காத டிரைவர் கெடையாது. இங்க அடிச்சிட்டு, வருவாங்களா மாட்டாங்களான்னு கதவையே பார்த்துட்டுக் கெடக்கணுமே, அது எனக்கு ஆகல. அடிக்காமலே இருந்துட்டா அந்த வம்பு இல்ல."

அப்போதுதான் ஆய்வாளர் உள்ளே வந்தாள். நரை ஓடிய தலை, தட்டையான செருப்பு, கழுத்தில் அடையாள அட்டை. பெரிய சிஸ்டர் கூடவே வந்து, இன்னார் என்று சொல்லிவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள். பார்வையில் அதிகாரம் ஒன்றும் இல்லை. பரீட்சைக்குப் போகிறவனை வீட்டார் பார்க்கிற பார்வைதான்.

ஆய்வாளர் முதலில் கண்டக்டரம்மாவிடம் கேட்டாள். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, மணி அடித்தால் வருகிறார்களா?

"தங்கமான புள்ளைங்க. மணியே அடிக்க வேண்டியதில்ல, பாத்துக்குங்களேன்" என்றாள் கண்டக்டரம்மா.

"ஆமாம், வெளிய ஸ்டார் பார்த்தேன்" என்று ஆய்வாளர் சிரித்தாள். அவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க சொல்லுங்க. கவனிப்புல உங்களுக்குத் திருப்திதானா?"

டீக்கடையில் உதடு அசைத்துப் பார்த்ததெல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றது. வெள்ளை விரிப்பு, நேரத்துக்கு மாத்திரை, சொந்த வீடு மாதிரி. வாயைத் திறந்தார்.

"அந்த ஸ்டார் தப்பும்மா" என்றார்.

கண்டக்டரம்மா, "சார்" என்று மெல்ல இழுத்தாள்.

"லிஃப்டுல ஒரு மாடிப் பட்டன் தேயாம புதுசாவே இருந்தா, அந்த மாடியில எல்லாரும் சவுக்கியமா இருக்காங்கன்னு சொல்ல முடியாது. ஒண்ணு அங்க ஆளே இல்ல. இல்லேன்னா, ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்துட்டு லிஃப்ட் வராதுன்னு படியில ஏறப் பழகிட்டாங்க. இந்த ரூம்ல மணி கேக்கலைன்னா காரணம் நான்தான். நான் வர்ற வரைக்கும் இவங்க தாகத்தைப் புடிச்சு வச்சிருக்காங்க. இதுக்கு முன்னாடி அந்தக் கட்டில்ல என் மனைவி." இவ்வளவும் சொல்லிவிட்டு ஜாடியைக் காட்டினார். "இது எந்தக் கைப் பக்கம் இருக்கு, நீங்களே பாருங்க."

ஆய்வாளர் ஜாடியைப் பார்த்தாள், விழுந்த கையைப் பார்த்தாள், கண்டக்டரம்மாவின் உதட்டைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுங்க மேல தப்பில்ல" என்றார் அவர் அவசரமாக. "இத்தனை பேருக்கு ரெண்டு பேர். பெரிய சிஸ்டரும் நல்லவங்க. அடிச்சா கோவிச்சுக்க மாட்டாங்கன்னு இவங்களுக்கு யாராவது சொல்லணும், அவ்வளவுதான்."

"இதைச் சொன்னதால உங்களுக்கு ஏதும் சங்கடம் வருமா?"

"எனக்கு என்னம்மா. நான் இங்க யாருமில்ல."

சொல்லி முடித்தபிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவருக்கே உறைத்தது.

ஆய்வாளர் போனதும் கண்டக்டரம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "யாரு கேட்டா உங்களை? நாளைக்கு அந்தப் புள்ளைங்க மொகத்துல நான் எப்படி முழிக்கறது? நீங்க பாட்டுக்கு எறங்கிப் போயிடுவீங்க. நான்ல இந்த வண்டியில கெடக்கணும்."

அவர் மேஜையைத் தூக்கி வலது பக்கம் வைத்துவிட்டு வந்தார். வராந்தாவில் பெரிய சிஸ்டர் மருந்துத் தட்டோடு நின்றிருந்தாள். இவரைப் பார்த்து, "உங்களை நம்பித்தான் சார் பேரு குடுத்தேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் படியிறங்க லேசாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர் லிஃப்டில் ஏறவில்லை.

ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. காலையில் எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பேசாமல் கிடந்த தொண்டை சரியாகவே இருக்கிறதா என்று ஒருநாள் தனியாக இருமிப் பார்த்தார். மனைவியின் பக்கத்துத் தலையணையைப் பார்த்து, "ஒரு சொல் சொல்லியிருக்கலாமில்ல" என்றார். காதலால் காத்திருந்தாளா, கூப்பிடக் கூசிக் காத்திருந்தாளா? இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறும். ஆனால் எது எவ்வளவு என்று இனி யாரும் அவருக்குச் சொல்லப் போவதில்லை.

பிறகு காவலாளி போன் செய்தான். "சார், பெரிய சிஸ்டர் சொல்லச் சொன்னாங்க. இனிமே பார்வையாளர் நேரத்துல மட்டும் வரலாமாம். சாயங்காலம். கண்டக்டரம்மா பார்வையாளர் ஃபாரத்துல உங்களை சிநேகிதர்னு எழுதச் சொல்லி, கட்டை விரல் வச்சிருக்காங்க. படிச்சவங்கதானே, கையெழுத்தே போடலாமேன்னா, ரேகை வச்சாத்தான் செல்லும்னு அடம் புடிச்சாங்களாம்."

சாயங்காலம் போனார். வாசலில் காவலாளி ரிஜிஸ்டரை நீட்டினான். மற்றவர்கள் மாதிரி வரிசையில் நின்று பெயர் எழுதினார். கிரேடு ஏறியதா இறங்கியதா என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மாடியில் மூன்றாவதாகப் புதிய பெண் ஒருத்தி சீருடை மடிப்புக் கலையாமல் நின்றிருந்தாள். பெரிய சிஸ்டர் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அறைக் கதவில் நட்சத்திரம் இல்லை. கிழித்த இடத்தில் பசை மட்டும் ஐந்து முனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் எடுத்தீங்களா?" என்றாள் கண்டக்டரம்மா.

"எடுத்தாச்சு."

"அப்ப சரி."

ஜாடி வலது பக்கம் இருந்தது. தம்ளரில் பாதித் தண்ணீர், குடித்து வைத்தது. தலையணை ஏற்றியிருந்தது. கண்ணாடி மூக்கில் இருந்தது. திரை, வெயில் முகத்தில் படாதபடி இழுத்துவிடப்பட்டிருந்தது. அவர் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேச்சுக்கு நடுவில் கண்டக்டரம்மா இடுப்பை அசைத்துப் பார்த்தாள். முகம் சுளித்தது. கால் மரத்துப்போனால் அப்படித்தான் சுளிப்பாள், சிட்டுவைக் கூப்பிட்டுத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அவர் பழக்கத்தில் வராந்தாப் பக்கம் திரும்பினார். பின்னால் ஸ்விட்ச் அமுங்க, நர்ஸ் மேஜையில் டிங் என்று கேட்டது. இன்னொரு டிங்.

வாசலைத் தாண்டுவதற்குள் சிட்டு எதிரே வந்துவிட்டாள். "வழி விடுங்க சார்" என்று அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். "என்ன பாட்டி, ரெண்டு அடிக்கறீங்க? ஒண்ணு போதும்."

"ஒண்ணு அடிச்சா நின்னுருவடி."

அவர் கதவோரத்தில், பசை நட்சத்திரத்தில் தோள் பட நின்றார். உள்ளே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே திரும்பிப் படுக்கிற வேலையை முடித்தார்கள். ஜன்னலோரக் கட்டிலின் தலைமாட்டில் ஒயர் சுருட்டியபடியே தொங்கியது.

சிட்டு போனபிறகு கண்டக்டரம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "படியில தொங்கிட்டு வராதீங்க லிஃப்ட் சார். உள்ள வந்து உக்காருங்க."

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெளியே பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.